எந்த ஜாபிதாவில் நம் பெயர்?

ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னதாகவே, நம்மைப் பெயர் சொல்லி அழைத்து, சென்ற வருஷம் நாம் வாங்கிய பட்டுப் புடவையை நினைவூட்டி, இந்த வருஷத் தள்ளுபடியில் நமக்கென்று பிரத்தியேகமாக ஒரு சலுகையை ஒதுக்கி வைத்திருப்பதாகத் தெரிவிக்கும் செய்தியொன்று கைபேசியில் வந்து விழும்போது, அதை எழுதியவர் நம்மை முகமறிந்த கடைக்காரர் என்று இக்காலத்தில் யாரும் எண்ணுவதில்லை. ஏதோ ஒரு யந்திரம் அனுப்புகிறது என்ற அளவில் விஷயத்தை விட்டுவிட்டு, பாதி படித்ததும் அழித்துவிட்டு, நம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். யந்திரம் அனுப்புகிறது என்பது வாஸ்தவம். ஆனால் யாருக்கு அனுப்புவது, யாரை விட்டுவிடுவது என்ற நிர்ணயத்தைப் பெரும்பாலும் ஒரு மனிதர்தான் செய்திருக்கிறார். மேஜைமுன் அமர்ந்து, நம்மை ஒருநாளும் பாராமலே, நம்மைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார். அந்த வாக்கியத்துக்குள் நாம் அகப்பட்டுக்கொண்டோம். அந்த வாக்கியத்தை நமக்கும் ஒரு தடவை படித்துக் காட்ட வேண்டிய கடமை அனுப்புகிறவருக்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்வதற்குமுன், அந்த வாக்கியம் எப்படி எழுதப்படுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது அவசியம்.

மார்க்கெட்டிங் ஆட்டோமேஷன் என்ற பெயரில் விற்பனையாகும் மென்பொருள்கள் பல. அமெரிக்காவின் ஹப்ஸ்பாட், மெயில்சிம்ப் முதலியவை உலகப் பிரசித்தம்; சென்னையில் வேர்விட்டு வளர்ந்த ஜோஹோவும் இவ்வகை மென்பொருளைச் செய்து பல தேசங்களில் விற்கிறது. திரையின் வர்ணமும் பொத்தான்களின் இடமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும், உள்ளே நடக்கும் காரியம் ஏறக்குறைய ஒன்றே. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஏடு இருக்கிறது. அதில் ஒரு பாதி அவர் யார் என்பதைச் சொல்கிறது: பெயர், ஊர், பிறந்த தேதி, பாஷை. மறு பாதி அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்கிறது: எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எதைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனார், எந்தக் கடிதத்தைத் திறந்தார், எந்தத் தேதியில் எவ்வளவு பணம் கொடுத்தார் என்பன போல. இவற்றுள் ஒன்றை எடுத்து, 'சமம்', 'அதிகம்', 'இத்தனை நாட்களுக்குள்' என்பன போன்ற ஓர் ஒப்பீட்டைச் சேர்த்து, ஒரு மதிப்பையும் கொடுத்தால் ஒரு நிபந்தனை உண்டாகிறது. நிபந்தனைகளைக் கோத்தால் விதி உண்டாகிறது. கோயம்புத்தூரில் வசிப்பவர், கடந்த 365 நாட்களுக்குள் 5,000 ரூபாய்க்குமேல் பட்டு வாங்கியவர், கடந்த 90 நாட்களாகக் கடைப்பக்கம் வராதவர், விளம்பரம் வேண்டாமென்று தெரிவிக்காதவர் என்று நான்கு நிபந்தனைகளைக் கோத்துப் பொத்தானை அழுத்தினால், லட்சக்கணக்கான ஏடுகளை நொடியில் புரட்டி, இத்தனை பேர் என்று ஓர் எண்ணிக்கையைத் திரையின் மூலையில் காட்டிவிடுகிறது மென்பொருள். தொழிலில் உள்ளவர்கள் இதைச் செக்மென்ட் என்கிறார்கள். ஒருமுறை எடுத்து அப்படியே வைத்துக்கொள்ளும் பிரிவும் உண்டு. நாள்தோறும் தானாகவே ஆட்களைச் சேர்த்தும் நீக்கியும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் பிரிவும் உண்டு. இரண்டாவது வகையே இன்று பெருவழக்கு.

கணினி வருவதற்கு முன்பே இந்த எண்ணம் வந்துவிட்டது. விளம்பரத்தின் வலிமையால் எல்லாருடைய தேவையையும் ஒரே பண்டத்தின்பால் வளைப்பது ஒரு வழி, தேவைகளே பலவகைப்பட்டவை என்று ஒப்புக்கொண்டு வகைக்கேற்றபடி பண்டத்தைச் செய்வது வேறொரு வழி என்று வெண்டல் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1956-ஆம் வருஷம் ஒரு சஞ்சிகைக் கட்டுரையில் பிரித்துக் காட்டினார். 1970-களில் கிளாரிட்டாஸ் என்ற ஸ்தாபனம் அமெரிக்கக் குடியிருப்புகளைத் தபால் குறியீட்டு எண்ணைக் கொண்டு 40 வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர் சூட்டி விற்றது. தபால் மூலம் வியாபாரம் செய்தவர்களோ மூன்றே கேள்விகளில் மனிதரை அளந்தார்கள்: எவ்வளவு அண்மையில் வாங்கினார், எத்தனை தடவை வாங்கினார், எவ்வளவு பணத்துக்கு வாங்கினார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டால் 125 அறைகள் கிடைக்கின்றன; வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் அறையில் குடியேறிவிடுகிறார். இதில் ஒரு விசித்திரம் உண்டு. தவறாமல் வந்து முழு விலை கொடுத்து வாங்கிச் செல்பவருக்கு நன்றிக் கடிதமும், கடையை மறந்து போனவருக்குப் பெரிய தள்ளுபடியும் அனுப்புவது இம்முறையை அனுசரிப்போரிடம் சகஜமாகிவிட்டது. விசுவாசத்துக்கு இவ்வளவு குறைந்த மதிப்பெண் வேறெந்த சாஸ்திரத்திலும் கிடைக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் அந்தத் தபால் காலத்து முறையில் ஒரு கட்டுப்பாடு தானாகவே அமைந்திருந்தது. காகிதத்துக்கு விலை, அச்சுக்குக் கூலி, தபால்தலைக்குக் காசு. ஜாபிதாவில் அவசியமில்லாமல் நுழைந்த ஒவ்வொரு பெயரும் முதலாளியின் பணத்தைத் தின்றபடியால், யாரைச் சேர்ப்பது என்பதில் காட்டிய சிரத்தையை யாரை விடுவது என்பதிலும் காட்டினார்கள். மின்னஞ்சல் வந்த பிறகு, இன்னும் பதினாயிரம் பேரைச் சேர்த்தாலும் செலவு ஏறுவது அற்பமாதலால், அந்தச் சிரத்தை போய்விட்டது. இன்றைய சங்கடங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மாறுதலிலிருந்து பிறந்தவை என்றே நான் கருதுகிறேன்.

'மற்றும்', 'அல்லது', 'அல்ல' என்ற மூன்று இணைப்புகளின்மேல் இந்த விதிகள் அனைத்தும் நிற்கின்றன. இவற்றைக் கூட்டல் பெருக்கலைப் போலக் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் ஜார்ஜ் பூல். அவருடைய பெருநூல் வெளியான வருஷம் 1854. அவருக்கு நண்பராகவும் அத்துறையில் உடன் உழைத்தவராகவும் விளங்கிய அகஸ்டஸ் டி மார்கன், 1806-ஆம் வருஷம் ஜூன் மாதம் மதுரையில் பிறந்தவர். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேனையில் உத்தியோகம் பார்த்தவர். கைக்குழந்தையாய் இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டபடியால், மதுரைவாசிகள் அவரிடம் அதிக உரிமை கொண்டாட இடமில்லை. எனினும், அவர் பெயரால் வழங்கும் தர்க்க விதியை மதுரையை வைத்தே விளக்குவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

மதுரையிலும் கோயம்புத்தூரிலும் கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக்கடை, கிளை இல்லாத ஊர்களில் இருப்பவர்களுக்கு மட்டும் கூரியர் செலவில்லாமல் புடவை அனுப்புவதாக அறிவிக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரைக்காரர்களும் வேண்டாம், கோயம்புத்தூர்க்காரர்களும் வேண்டாம் என்று மானேஜர் சொல்கிறார். விதி எழுதும் இளைஞர், 'ஊர் மதுரை அல்ல' என்று ஒரு நிபந்தனையும், 'ஊர் கோயம்புத்தூர் அல்ல' என்று இன்னொரு நிபந்தனையும் போட்டு, இரண்டுக்கும் நடுவில் 'அல்லது' என்பதைத் தேர்ந்தெடுக்கிறார். விளைவு என்ன? மதுரைவாசி கோயம்புத்தூரில் இல்லாதபடியால் இரண்டாவது நிபந்தனையில் தேறிவிடுகிறார். கோயம்புத்தூர்வாசி மதுரையில் இல்லாதபடியால் முதல் நிபந்தனையில் தேறிவிடுகிறார். ஒருவர்கூட விலக்கப்படாமல் ஜாபிதா முழுவதற்கும் செய்தி போய்ச் சேருகிறது. இதுவோ அதுவோ ஆகக்கூடாது என்பதற்கு, இதுவும் ஆகக்கூடாது, அதுவும் ஆகக்கூடாது என்பதே பொருள் என்று டி மார்கன் வகுத்த விதியை அறிந்திருந்தால், அவர் 'மற்றும்' போட்டிருப்பார். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: இரண்டு ஊராரையும் சேர்க்க விரும்பி, 'ஊர் மதுரை' என்பதையும் 'ஊர் கோயம்புத்தூர்' என்பதையும் 'மற்றும்' கொண்டு இணைத்தால், ஒருவரே இரண்டு ஊரிலும் வசித்தாலன்றித் தேற முடியாதாகையால் எண்ணிக்கை பூஜ்யம் என்று வரும். இந்தப் பிழை அக்கணமே கண்ணில் படும்; திருத்திவிடலாம். முதலில் சொன்னதோ பெரிய எண்ணிக்கையைக் காட்டி எழுதியவரை மகிழ்வித்துவிட்டு, மறுநாள் காலையில் மதுரைக் கிளையில் வாடிக்கையாளர் வந்து, தமக்கும் கூரியர் இலவசம்தானே என்று கேட்கும்போதுதான் வெளிப்படும்.

அடைப்புக்குறிகளின் சங்கதி இதைவிடக் கடுமையானது. பட்டு வாங்கியவர் அல்லது நகை வாங்கியவர், மற்றும் விளம்பரம் வேண்டாம் என்று சொல்லாதவர் என்று ஒரு விதி எழுதும்போது, முதல் இரண்டையும் ஒரு கூட்டாகக் கட்டாமல் விட்டால், வேண்டாம் என்ற மறுப்பு நகை வாங்கியவர்களை மட்டும் பற்றிக்கொள்ளும். பட்டு வாங்கியவர் எத்தனை முறை மறுத்திருந்தாலும் அவருக்குச் செய்தி போகும். ஒரு பிரஜையின் திட்டமான மறுப்பு, யாரோ போட மறந்த ஒரு குறியினால் ரத்தாகிவிடுகிறது. நல்ல மென்பொருள்கள், மறுத்தவர்களின் ஜாபிதாவை இந்த விதிகளுக்கெல்லாம் வெளியே, எழுதுகிறவர் கை எட்டாத இடத்தில் தனியே வைத்துவிடுகின்றன, அதுவே முறை.

வெறுமையாக விடப்பட்ட கட்டங்களின் கதியையும் யோசிக்க வேண்டும். ஊர்ப் பெயர் கொடுக்காத ஒருவர், 'ஊர் மதுரை அல்ல' என்ற நிபந்தனையில் தேறுவாரா, மாட்டாரா? சில மென்பொருள்கள் தேறுவார் என்கின்றன. தரவுத்தளங்களின் கண்டிப்பான தர்க்கத்தைப் பின்பற்றுபவையோ, தெரியாதது தெரியாததே என்று அவரை ஒதுக்கிவிடுகின்றன. நிரப்பப்பட்ட கட்டங்களிலும் உண்மை இருக்கும் என்று நம்புவதற்கில்லை. நம் ஊர்ப் பெரியவர்களில் எத்தனையோ பேருக்குச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி, பள்ளியில் சேர்த்த அன்று வயதுக் கணக்குக்காகத் தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்த தேதி; அதை நம்பி வருஷந்தோறும் ஜூன் மாதத்தில் அவர்களுக்கு வாழ்த்துகள் குவிகின்றன. காலமும் ஏமாற்றும். இணையத்தில் புடவையைக் கூடையில் போட்டுவிட்டு, மாலையில் நேரே கடைக்குப் போய் அதே புடவையை வாங்கி வந்தவருக்கு, கடையின் கணக்கு இரவில்தான் மென்பொருளுக்குப் போய்ச் சேருமாகையால், உங்கள் புடவை காத்திருக்கிறது என்ற செய்தி இரவு எட்டு மணிக்கே வந்துவிடும். கடிதத்தைத் திறந்தார் என்ற நிபந்தனையோ இப்போது பெரிதும் பயனற்றுப் போய்விட்டது: கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியளவு படத்தைக் கடிதத்தில் ஒளித்து வைத்து, அது எப்போது தருவிக்கப்பட்டது என்று பார்த்து, திறந்ததாக அனுமானிப்பது வழக்கம், 2021-இல் ஆப்பிள் நிறுவனம் தன் அஞ்சல் செயலியில் அந்தப் படங்களைத் தானே முன்கூட்டித் தருவித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்ததிலிருந்து, படிக்காதவர்களும் படித்தவர்களாகக் கணக்கில் ஏறுகிறார்கள். அந்த அனுமானத்தின்மேல் எழுதப்பட்ட விதிகள் இன்னும் எத்தனையோ கம்பெனிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எனினும், விதி எழுதுகிறவரின் குணமும் பண்பும் புலப்படுவது, அவர் யாரை விலக்கினார் என்பதில்தான். நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகைக்கு ஜாபிதா போடும்போது, சேர்க்க வேண்டிய பெயர்களைச் சிறுவர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். இன்னார் வீட்டில் துக்கம் நேர்ந்து வருஷம் திரும்பவில்லை, அங்கே பத்திரிகையைத் தபாலில் போடாமல் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று நினைவூட்டுவதற்கு ஒரு பாட்டி வேண்டும். மென்பொருளில் அந்தப் பாட்டி இல்லை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, அந்த வருஷம் பண்டிகை இல்லாத வீட்டுக்கு, இறந்துபோனவரின் பெயரையே சொல்லிப் புத்தாடை வாங்க அழைக்கும் செய்தி வந்து சேருவதை நம்மில் பலர் அறிவோம். 2014-இல் ஷட்டர்ஃபிளை என்ற அமெரிக்கப் புகைப்படக் கம்பெனி, அண்மையில் குழந்தை பிறந்தவர்களுக்கென்று உத்தேசித்த வாழ்த்து மடலைக் குழந்தை பிறக்காதவர்கள் பலருக்கும் அனுப்பிவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருப்பவர்களும், கருவிலே இழந்தவர்களும் இருக்கக்கூடிய ஜாபிதாவில் அந்த வாழ்த்து எப்படிப் போய் விழுந்திருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் டார்கெட் கடைகளைப் பற்றிய கதையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். வாசனையில்லாத மேற்பூச்சு, கால்ஷியம், துத்தநாகம் முதலிய சத்து மாத்திரைகள் என்று ஏறக்குறைய 25 பண்டங்களை யார் எப்போது வாங்குகிறார்கள் என்று கவனித்து, கர்ப்பிணிகளை முன்கூட்டியே அனுமானிக்கும் ஒரு கணக்கை அங்கே ஆண்ட்ரூ போல் என்ற புள்ளியியலாளர் அமைத்ததாக 2012-இல் சார்லஸ் டூஹிக் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் வார இதழில் எழுதினார். மகள் கர்ப்பமாயிருப்பதைக் கடைக்குப் பிறகே தெரிந்துகொண்ட தகப்பனாரின் சம்பவம்தான் ஊரெங்கும் பரவியது. அது நடந்தபடியேதான் சொல்லப்பட்டதா என்று ஐயுற்றவர்களும் உண்டு. என்னை உறுத்துவது அதே கட்டுரையில் உள்ள வேறொரு விவரம். தம் இரகசியம் கடைக்குத் தெரிந்துவிட்டதை அறிந்தால் பெண்கள் கூச்சமும் கோபமும் அடைவார்கள் என்று உணர்ந்த கம்பெனி, அணையாடை விளம்பரத்துக்குப் பக்கத்தில் புல் வெட்டும் யந்திரத்தின் விளம்பரத்தையும், குழந்தைத் துணிக்குப் பக்கத்தில் மதுக் கிண்ணங்களையும் வைத்து, எல்லாம் தற்செயலாக வந்தவை போலத் தோன்றும்படி செய்தது. அறிந்ததைவிட, அறிந்ததை மறைத்த இந்தச் சாமர்த்தியமே எனக்கு அதிகக் குற்றமாகப் படுகிறது.

மறைவாக இருக்கும் விதி எதுவரை போகும் என்பதற்கும் சாட்சியம் இருக்கிறது. ஃபேஸ்புக்கில் வீட்டு விளம்பரம் கொடுப்பவர், குறிப்பிட்ட இனத்தார் என்று அனுமானிக்கப்பட்டவர்களின் கண்ணில் அது படாதபடி விலக்கிவிட முடிகிறது என்பதை 2016-இல் புரோபப்ளிக்கா என்ற செய்தி ஸ்தாபனம் செய்தே காட்டியது. வீட்டு விஷயத்தில் இன பேதம் பாராட்டக் கூடாது என்று அந்நாட்டில் 1968 முதலே சட்டம் இருக்கிறது. ஆனால் விலக்கப்பட்டவருக்குத் தாம் விலக்கப்பட்டதே தெரியாதாகையால், அவர் எந்தக் கோர்ட்டில் போய் என்ன பிராது கொடுப்பார்? வழக்குகளுக்குப் பிறகு 2019-இல் செய்துகொண்ட சமாதானத்தின்படி, வீடு, வேலை, கடன் ஆகியவற்றின் விளம்பரங்களுக்கு வயது, பால், தபால் குறியீடு இவற்றைக் கொண்டு பிரிக்கும் வசதியை அக்கம்பெனி நீக்க வேண்டி வந்தது. நம் நாட்டில் தெருப்பெயரும் அஞ்சல் எண்ணும் ஒரு மனிதரைப் பற்றி எவ்வளவு சொல்லிவிடும் என்பதை வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம் சட்டங்கள் இவ்விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. வங்கி, மனை விற்பனை, கல்வி, சுகாதாரம், சுற்றுலா என்று வகைவாரியாக எந்த விளம்பரம் வேண்டும், எது வேண்டாம் என்று 1909 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கும் உரிமையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நமக்கு அளித்திருக்கிறது. 2018-ஆம் வருஷத்து ஒழுங்குமுறைப்படி, அனுப்புகிறவர் தம் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். 2025-இல் வந்த திருத்தத்தால், விளம்பரமா, சேவையா, கொடுக்கல் வாங்கலா, சர்க்கார் செய்தியா என்பதைக் காட்டும் ஆங்கில எழுத்தொன்று அனுப்புகிறவர் பெயரின் முடிவில் நிற்கிறது. 2023-ஆம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது; நம்மைப் பற்றிய எந்தத் தகவல் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதன் சுருக்கத்தைக் கேட்டுப் பெறும் உரிமையையும் வகுத்திருக்கிறது. இவ்வளவும் நல்லவையே. ஆயினும், வந்த செய்தி ஏன் எனக்கு வந்தது என்ற சாதாரணக் கேள்விக்கு இவற்றுள் எதிலும் நேரான விடை கிடைப்பதில்லை. தகவலின் சுருக்கத்தைக் கேட்டால் என் பெயரும் ஊரும் தொலைபேசி எண்ணும் திரும்பி வரும். என்னைப் பிடித்த விதி வராது.

விதி வியாபார இரகசியம் என்று வர்த்தகர்கள் சொல்லக்கூடும். இந்த ஆட்சேபத்தில் ஓரளவு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். எத்தனை நாள், எத்தனை ரூபாய் என்ற அளவுகளை வெளியிடச் சொல்வது போட்டியாளருக்கு உதவியாக முடியலாம். அளவுகள் வேண்டாம்; காரணம் போதும். 2014 முதலே ஃபேஸ்புக் தன் விளம்பரங்களோடு, இது ஏன் உங்களுக்குக் காட்டப்படுகிறது என்று சொல்லும் ஒரு வசதியை வைத்திருக்கிறது. அதன் பூரணத்துவத்தைப் பற்றி நமக்குச் சந்தேகம் இருக்கலாம், ஆனால் அதனால் அக்கம்பெனியின் வியாபாரம் படுத்துவிடவில்லை. யந்திரமே கற்றுக்கொண்டு மதிப்பெண் போடும் புதிய முறைகளில் காரணத்தைப் பிரித்தெடுப்பது சிரமம் என்பதும் மெய். ஆனால் நமக்கு நாள்தோறும் வரும் செய்திகளில் மிகப்பல, முன்னே சொன்னது போல ஒரு மனிதர் நிபந்தனை நிபந்தனையாகக் கோத்தெழுதிய விதியினால் வருபவை. அங்கே காரணம் ஏற்கெனவே வாக்கியமாகவே இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஏதுமில்லை.

ஆகவே, பதிவு செய்யும் வாசகத்தோடு காரணத்தைச் சொல்லும் ஒரு வரியையும், செய்தியின் பாஷையிலேயே, ஆணையம் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன். இடம் போதாது என்பார்கள். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள் கொள்ளும். தமிழில் 70 மட்டுமே. அதற்கு மேற்பட்டால் இரண்டு செய்தியாகக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள். 'சென்ற ஆடியில் பட்டு வாங்கியவர் என்பதால் இச்செய்தி.' என்ற வரி 50 குறிகளில் முடிந்துவிடுகிறது. விளம்பரத்தோடு இதையும் சேர்த்தால் செலவு இரட்டிக்கும் என்பது உண்மைதான்; தபால்தலைக்குக் காசு கொடுத்த காலத்தில் ஜாபிதாவை இரண்டாம் முறை படித்துப் பார்க்கச் செய்த அதே செலவுதான் அது.